மலைக்குச் செல்ல விருப்பம்

பிப்ரவரி 9, திங்கள்

அலுவலகத்து ஆட்களின் விவரங்களை இன்று கணினியில் ஏற்றி முடித்தேன். என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே தாலுகா அலுவலகத்தில் இந்த வேலை தொடங்கிவிடும். யாரை எந்த வாக்குச்சாவடிக்கு அனுப்புவது என்று இந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பெயர், வயது, பதவி, சொந்தத் தொகுதி, வங்கிக் கணக்கு என்று போய்க் கடைசியில் இரண்டு கட்டங்கள். மாற்றுத்திறனாளியா? மலைச் சாவடிக்குச் செல்ல விருப்பமா?

மலைச் சாவடி என்றால் கொம்பூத்து. ஜீப் போகும் பாதை முடிந்த பிறகு ஏழு கிலோமீட்டர் ஏற வேண்டும். ஓட்டு இயந்திரங்கள் மட்டக் குதிரை மேல் போகும். ஆட்கள் நடந்து போவார்கள்.

அந்தக் கட்டத்துக்காக ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். பக்கத்து மேசை தவமணி அக்கா, “எனக்கு ரேஷன் கடை வரைக்கும் போனாலே முட்டி பேசுது. இல்லைன்னு கொட்டை எழுத்துல போடு” என்றார். சங்கத் தலைவர் ஒச்சப்பன் சார், “நான் டாக்டர் சர்டிபிகேட்டே வாங்கி வச்சிருக்கேன் பாப்பா. என்ன வியாதின்னு மட்டும் இன்னும் எழுதல” என்றார்.

நாற்பத்திரண்டு பேரும் இல்லை. கேட்பவள் நான் என்பதால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் வரியையும் நிரப்பிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். வீட்டில் பூசணிக்காய்ப் புளிக்குழம்பு.

பிப்ரவரி 10, செவ்வாய்

தேர்தல் பிரிவு பவுன்ராஜ் பட்டியலில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் நகல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. பார்க்கவில்லை. “நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்” என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மா ஏலக்காய் குடோனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போகிறாள். தரம் பிரிக்கும் வேலை. பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம்.

என் சான்றிதழ்கள் இரண்டையும் அவள் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஒன்று, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் என்பதற்கு. மற்றது, என் உடம்பில் அறுபது சதவீதம் ஊனம் என்பதற்கு. நாலு வயதில் இடது இடுப்பு மூட்டில் சீழ் பிடித்தது. உயிர் பிழைத்தேன். மூட்டு இறுகிவிட்டது, கால் மூன்று அங்குலம் குட்டை. இருபது வருடமாகிறது. வலி கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எழுதியாவது வைக்கிறேன். எனக்கு மாடிப்படி சுலபம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிவிடுவேன். எனக்குக் கஷ்டம், ஈரமான டைல்ஸ் தரை. என் வலது தோளில் எப்போதும் ஒரு பை தொங்கும். அதில் ஒரு லிட்டர் தண்ணீர், சாப்பாட்டு டப்பா, ஒரு தடிமனான புத்தகம். இடப்பக்கம் சாயும் உடம்பை அந்தக் கனம்தான் இழுத்து நிறுத்துகிறது. புத்தகத்தை நான் படிப்பதுகூட இல்லை.

போன வருடம் எல்லோரும் சேர்ந்து தாசில்தார் மேடத்திடம் சொல்லி, என் இருக்கையை மாடியிலிருந்து கீழே மாற்றிக் கொடுத்தார்கள். கீழே புது டைல்ஸ். தவமணி அக்கா எனக்காகத் தன் இருக்கையையும் கீழே மாற்றிக்கொண்டார். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மாடியில் என் பழைய இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் மலை முழுவதும் தெரியும். கொம்பூத்துப் பாதை, பச்சைக்கு நடுவில் தலை வகிடு மாதிரி வெளுப்பாக ஓடும். மத்தியானம் ஏதாவது கோப்பு தேடுவதுபோல மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கிருந்து பார்த்தால் இந்த ஜன்னல் தெரியுமா என்று தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

தேர்தல் பணி ஆணைகள் வந்தன. மலைக்குப் போகும் குழுவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

வாக்குப்பதிவு அலுவலர் 2: செல்வி. ப. சுருளிச்செல்வி, இளநிலை உதவியாளர். சாவடி: அரசு ஆரம்பப் பள்ளி, கொம்பூத்து.

நான்கு தடவை படித்தேன். கழிப்பறையில் போய் இன்னொரு தடவை. வாக்காளர் விரலில் மை வைப்பது என் வேலையாக இருக்கும். மை வைக்கும்போது அவர்கள் குனிந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

மார்ச் 7, சனி

தேர்தல் வேலையால் சனிக்கிழமையும் அலுவலகம். தவமணி அக்கா ஆணையைப் பார்த்துவிட்டார். என் மேசையில் ஏலக்காய்ப் படம் போட்ட நாட்காட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்.

“இது என்னடி அநியாயம்?”

“பரவாயில்லக்கா. போயிட்டு வாரேன்.”

“போயிட்டு வாரியா? அது என்ன கோயில் பிரகாரமா? மனுசங்களா இவங்க?” அவர் கண் கலங்கிவிட்டது. ஆணையை எடுத்துக்கொண்டு ஒச்சப்பன் சாரிடம் ஓடினார்.

அக்கா எனக்கு நல்லதைத் தவிர எதுவும் செய்ததில்லை. தினமும் பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார்.

மார்ச் 9, திங்கள்

இடைவேளையில் சங்கத்து ஆட்கள் வாயிலில் கூடி நின்றார்கள். “கால் ஊனமான ஒரு பெண்பிள்ளையை மலைக்கு அனுப்பும் கொடுமை” என்று ஒச்சப்பன் சார் பேசினார். என்னை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது செருப்பின் உயர அடி தேய்ந்திருக்கிறது. தேனிக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும்.

பள்ளியில் எங்கே சுற்றுலா போனாலும் அடிவாரத்தில் நான்தான் செருப்புகளுக்குக் காவல். நாற்பது ஜோடி. யார் செருப்பு யாருடையது என்று பார்த்தே சொல்வேன். அவர்கள் வேர்த்து இறங்கி வந்து, மேலே காற்று எப்படி அடித்தது என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். என்னிடம், “நல்லவேளை, நீ வரல, செத்தோம்” என்பார்கள். ஆசிரியை மிட்டாய் தருவார்.

இதை ஏன் எழுதினேன்? இன்று செருப்பைப் பற்றி எழுத வந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 10, செவ்வாய்

பவுன்ராஜுக்கு மெமோ. சான்றிதழைப் பார்க்காமல் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டது ஏன், மாற்றுத்திறனாளி ஊழியரின் கட்டத்தில் ‘இல்லை’ என்றும் மலை விருப்பத்தில் ‘ஆம்’ என்றும் வந்தது எப்படி, மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

அவர் என்னிடம் வந்தார். “மன்னிச்சிருங்க சிஸ்டர். நான் பாக்காம விட்டது தப்புதான். கம்ப்யூட்டர்ல ஏதோ மாறிருச்சு போல.”

“பரவாயில்ல சார்” என்றேன்.

“ஊதிய உயர்வ நிறுத்திருவாங்கன்னு சொல்றாங்க. வீட்ல ரெண்டாவது பிள்ளைக்கு மாசமா இருக்காக.” சிரிக்க முயன்றார். என் கையில் இருந்த கோப்பை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பை நான் அப்போதுதான் அலமாரியிலிருந்து எடுத்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் ஒன்றும் மாறவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் கேட்டேன்: “நான் மலைக்குப் போனா நீ என்ன சொல்லுவ?”

“நீ எதுக்குத்தா போற? உனக்குத்தான் கவர்மெண்டே போக வேண்டாம்னு சொல்லியிருக்குல்ல” என்றாள். பிறகு ரசத்தை என் தட்டில் ஊற்றிக்கொண்டே, “உன்னையும் ஒரு ஆளா போட்டாங்களா?” என்று கேட்டாள். அவள் முகத்தில் ஒரு நொடி வந்தது கோபமில்லை.

மார்ச் 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்குத் தாசில்தார் மேடத்தின் அறைக்குப் போனேன். அந்த இரண்டு கட்டங்களையும் நான்தான் அப்படி நிரப்பினேன் என்று சொன்னேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “தெரிஞ்சே போட்டீங்களா?”

“ஆமா மேடம்.”

“அரசாங்கப் பதிவுல பொய்த் தகவல். அதோட அர்த்தம் தெரியுமா உங்களுக்கு? ஒரு டிகிரி படிச்சவங்க, பரீட்சை எழுதி வந்தவங்க செய்ற வேலையா இது? உங்களால ஒரு ஸ்டாஃபுக்கு மெமோ போயிருக்கு. வெளியில என் பேர் நாறுது.” மேசையைத் தட்டினார். “நின்னு கேளுங்க, தலையக் குனியாதீங்க.”

வேலைக்கு வந்து இரண்டு வருடத்தில் என்னை யாரும் திட்டியதில்லை. தாமதமாக வந்தாலும், தப்பாகத் தட்டச்சு செய்தாலும், “பரவாயில்ல பாப்பா”தான். மேடம் மற்றவர்களைத் திட்டுவது மாடி வரை கேட்கும். இன்று அந்தக் குரல் எனக்கு. நிமிர்ந்து நின்றேன்.

“எதுக்குச் செஞ்சீங்க?”

“போகணும்னு ஆசை மேடம்.”

“ஏழு கிலோமீட்டர்.”

“பள்ளிக்கூடத்துக்கு தினமும் மூணு கிலோமீட்டர் நடந்தேன் மேடம். போக மூணு, வர மூணு. மெதுவாத்தான் வருவேன். குழு முந்தின நாள் காலையிலேயே கிளம்புது. சாயங்காலத்துக்குள்ள போயிருவேன். ஏத்தம் எனக்குச் சிரமமில்ல.”

வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. மேடம் பேனாவை மூடி வைத்தார். “விருப்பத்தோட போறேன்னு எழுதிக் கொண்டாங்க. மேல கேட்டுப் பாக்குறேன். தருவாங்கன்னு சொல்லல. கேக்குறேன். உங்க மெமோ தனி. அது வரும்.”

“சரி மேடம்” என்று திரும்பினேன்.

ஒச்சப்பன் சார் வாசலில் நின்றிருந்தார். சத்தம் கேட்டு என்னைக் காப்பாற்ற ஓடி வந்திருக்கிறார். “அந்தப் பிள்ளையப் போய் நிக்க வச்சுத் திட்டலாமா மேடம்?” என்றபடி உள்ளே வந்து, “பையக் குடு ஆத்தா, நான் கொண்டாறேன்” என்று என் தோளிலிருந்து பையை உருவினார். நான் அப்போதுதான் வலது காலைத் தூக்கியிருந்தேன். காலையில் துடைத்த தரை.

விழுந்தேன். இடது பக்கமாக, முழுசாக. மேடத்தின் மேசைக்கு முன்னால்.

அதற்குப் பிறகு எல்லோரும் வந்துவிட்டார்கள். சோடா வந்தது. தவமணி அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மேடம் தரையில் குந்தி உட்கார்ந்து என் முழங்கையைத் தடவினார். “பாப்பா, நாலு எட்டு நடக்க முடியல, நீ மலைக்குப் போறேங்குற. எதுக்கும்மா உனக்கு இந்த வீம்பு?” என்றார்.

பத்து நிமிடத்துக்கு முன்பு நான் அவருக்கு ‘நீங்க’.

பையை எடுத்ததால்தான் விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். ஒச்சப்பன் சார் என் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

மார்ச் 12, வியாழன்

ஆணை ரத்து. முழங்கையில் வீக்கம்.

மார்ச் 16, திங்கள்

பவுன்ராஜின் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு வர வேண்டிய மெமோ வரவில்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன். ஒரே வரிதான்.

“உன் மெமோவ நான்தான் பேசி நிறுத்துனேன்” என்றார் ஒச்சப்பன் சார். “மனசு சரியில்லாம ஏதோ போட்டுருச்சு, விட்டுருங்க மேடம்னு சொன்னேன்.”

நன்றி சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

என் இடத்துக்குத் தவமணி அக்காவைப் போட்டிருக்கிறார்கள். அக்கா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று ஸ்கூட்டரில் ஏறச் சொன்னார். பாதி வழியில், “உன்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. என் முட்டிக்குத்தான் கோவம்” என்றார்.

அக்காவிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். மேலே போனால், நம் அலுவலகத்து மாடி ஜன்னல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

“அது எதுக்கு?”

“சும்மாதான்க்கா.”

ஏப்ரல் 8, புதன்

மலைக்குழு காலை ஏழு மணிக்குக் கிளம்பியது. அனுப்பி வைக்க நானும் போயிருந்தேன். பெட்டிகளை ஜீப்பில் ஏற்றினார்கள். அக்கா தலையில் துண்டு கட்டியிருந்தார். பழைய ஷூ ஒன்று யாரிடமோ வாங்கிப் போட்டிருந்தார். தன் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்து, “என் மேசைக்கு அடியில போட்டுரு” என்றார்.

மத்தியானம் மாடிக்குப் போனேன். பாதையில் புள்ளி புள்ளியாக ஏதோ நகர்ந்தது. ஆட்களா மாடுகளா என்று தெரியவில்லை. அரை மணி நேரம் நின்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

அக்கா வந்துவிட்டார். வெயிலில் கறுத்து, முட்டியில் துணி சுற்றி. மேசையைச் சுற்றி எல்லோரும் நின்று கேட்டோம்.

“முதல் மூணு மைலு படி மாதிரி கல்லுடி. கையப் பிடிக்க வேர் இருக்கு, பரவாயில்ல. அப்பறம் ஒரு வழுக்குப் பாறை. நான் உக்காந்தே நகந்துட்டேன். அந்தப் பிரிசைடிங் ஆபீசரு பாத்து சிரிக்கிறான். அவன் அடுத்த எட்டுல சறுக்கி விழுந்தான், நல்லா விழுந்தான்.”

படி மாதிரி கல். பிடிக்க வேர். வழுக்கு இடத்தில் உட்கார்ந்து நகர்வது. உட்கார்ந்து நகர்வதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. வீட்டில் மழைக்காலத்தில் வாசலை அப்படித்தான் கடக்கிறேன்.

“அதுக்கு மேல முட்டி வீங்கிருச்சு. இனி ஒரு எட்டு வைக்க மாட்டேன்னுட்டேன். குதிரைக்காரரு சின்னமாயன்னு ஒருத்தரு, சாமான் ஏத்தின குதிரையில மூட்டைய இறக்கி என்னைய ஏத்திட்டாரு. மிச்ச ஒண்ணரை மைலும் ராணி மாதிரி போனேன். இறங்கி வரும்போதும் பாதி குதிரைதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என் கன்னத்தைத் தட்டி, “நீ மட்டும் வந்திருந்தா செத்துருப்படி” என்றார்.

மற்றவர்கள் போன பிறகு கேட்டேன். “ஜன்னல் தெரிஞ்சுதாக்கா?”

“எந்த ஜன்னல்? ஓ, அதுவா. அதெல்லாம் யாருடி பாத்தா? எப்படா கீழ வருவோம்னு இருந்துச்சு.”

அவருடைய செருப்பை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். ஜீப் அடிவாரத்துக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று அம்மாவிடம் விசாரித்தேன். குடோனில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டாள். ஒரு ஆளைப் பார்க்க என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எட்டு மணி ஜீப்பில் போனேன். அடிவாரத்தில் ஒரு டீக்கடை, அதற்குப் பின்னால் புளியமரம், அதில் கட்டியிருந்த நாலு மட்டக் குதிரைகள். சின்னமாயன் ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். வாயில் வெற்றிலை.

கொம்பூத்துக்கு ஆள் ஏற்றிப் போவீர்களா என்று கேட்டேன்.

“பிரசவக் கேஸ இறக்கிக் கொண்டாருவோம். முடியாதவுகள ஏத்துவோம். யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அவர் குளம்பைக் கீழே விட்டார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருக்கும்போது நான் பையின் வாரைப் பிடித்துக்கொள்வேன்.

“ரெண்டு பக்கமும் கால் போட வருமா? ஒத்தப் பக்கமா உக்காருவீகளா?”

எனக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் ஆனது. “இடது கால் அகலாது. ஒத்தப் பக்கம்தான்.”

“எந்தப் பக்கம் தொங்க விட்டா தோது?”

“வலப்பக்கம்.”

“எத்தனை கிலோ இருப்பீக?”

“நாப்பத்தாறு.”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குதிரையின் முதுகை ஒரு தட்டுத் தட்டினார். மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. “அப்ப இடப்பக்கம் அரிசி மூட்டை ஒண்ணு கட்டணும். இல்லாட்டி ஒருசாய்ப்பு ஆயிரும், குதிரைக்குச் சேராது. வெள்ளிக்கிழமைதான் ரேசன் அரிசி மேல போகும். வெள்ளிக்கிழமை வாங்க, ஆறு மணிக்கு. மொத மூணு மைலு நீங்க நடந்தா நல்லது, அங்க குதிரைக்கே திணறும். நடப்பீகளா?”

“வேர் இருக்குல்ல பிடிக்க?”

“இருக்கு.”

“நடப்பேன்.”

“பாறையில குதிரையும் ஏத்தாது. உக்காந்துதான் வரணும்.”

“வருவேன்.”

அவர் தலையாட்டினார். பிறகு என் பையைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன். அவர் தொடவில்லை. வெறும் விரலால் காட்டித்தான் கேட்டார்.

“இது? மூட்டையோட சேத்துக் கட்டவா, தோள்லயே இருக்கணுமா?”

“தோள்லயே இருக்கணும்.”

“அப்பச் சரி” என்று அடுத்த குதிரையின் குளம்பைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவினாள். பிறகு, “மேல குளுரும். என் சால்வைய எடுத்துட்டுப் போ” என்றாள்.

தற்செயல் விடுப்புக்கு இப்போதே விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன். ஏப்ரல் 24, ஒரு நாள். காரணம் என்ற இடத்தில் அலுவலகத்தில் எல்லோரும் ‘சொந்த வேலை’ என்றுதான் எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதினேன்.